காட்டுப்பள்ளியைக் காலி இடம் என்று யார் சொன்னது?

வடசென்னையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு, அந்த லாரி ஒரு தீவுக்குப் போகிறது என்பது தெரியாது. காட்டுப்பள்ளி தீவுதான். கிழக்கே வங்கக்கடல், மேற்கே கொசஸ்தலையாற்றின் கழிவெளியும் (கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலக்கிற ஆழமில்லாத நீர்ப்பரப்பு) பக்கிங்ஹாம் கால்வாயும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு முகத்துவாரம். பாலமும் ரோடும் வந்துவிட்டதால் தீவு என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. அங்கே இருக்கிற துறைமுகத்தைப் பல மடங்கு விரிக்கப் போட்ட திட்டத்தில் அது வெறும் காலி இடம் மாதிரித் தெரிகிறது.

பாறையே கிடையாது, அலை கொண்டுவந்து போட்ட மணல்தான் மொத்தத் தீவும். பழவேற்காடு முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்ரீஹரிகோட்டாவும் இதே ரகம். 1971-ல் அங்கிருந்து ராக்கெட் கிளம்பியதும் ஊர் உலகத்துக்கெல்லாம் அந்தப் பேர் தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் மெட்ராஸுக்கு அது விறகுக் காடு. கால்வாயில் படகு படகாக விறகு பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்து இறங்கும். அந்தக் கால்வாயே 1806-ல் முதலில் எண்ணூர் வரைக்கும்தான் வெட்டப்பட்டது. அதற்கும் சுமார் 200 வருஷம் முன்பே டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி, நம் பக்கத்து நெசவுத் துணியைக் கப்பலேற்றி இந்தோனேசியத் தீவுகளில் வாசனைப் பொருளாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். இன்றைய சென்னை அப்போது பிறக்கவே இல்லை!

சரி, மணலுக்கு வருகிறேன். நம் கடற்கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குக் காற்றில் வடக்கே போகும், வாடைக் காற்றில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வருஷக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே கல்லைப் போட்டால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கடல் ஊரைத் தின்னும். 1870-களில் மெட்ராஸ் துறைமுகச் சுவர் எழும்ப ஆரம்பித்த பிறகுதான் மெரினா இவ்வளவு அகலமானது. அதற்கான விலையைக் கொடுத்தது துறைமுகத்துக்கு வடக்கே இருக்கிற ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர். இன்றைக்கும் எண்ணூர் வரை கல் கொட்டி, தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டு, கடலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர்கள் வடசென்னைக்காரர்கள் எங்களுக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

இதே கதைதான் காட்டுப்பள்ளியிலும். 2001-ல் எண்ணூர் துறைமுகம் வந்தது, அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். புயல் சமயத்தில் பழவேற்காடு - காட்டுப்பள்ளி ரோட்டில் போய்ப் பாருங்கள். அலை மணலைத் தூக்கி ரோட்டின் மேலேயே போட்டிருக்கும், ஜேசிபி வந்து வழி விட்டால்தான் பைக் போகும். இந்த மணல் திட்டு அறுந்தால் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவில் தடுப்பு எது? தீவுக்கு மேற்கே மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் உப்பு ஏறியது 1960-களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்து, அந்தத் தண்ணீர்தான் வடசென்னைக் குழாய்களுக்கு வருகிறது.

இந்த இடத்தில்தான் சுமார் 330 ஏக்கர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,100 ஏக்கருக்கு மேல் விரிக்கத் திட்டம் போட்டார்கள். அதில் ஒரு பகுதி கடலையே தூர்த்து எடுக்க வேண்டிய நிலம். துறைமுகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் தெருப் பையன்கள் பலர் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். காகிதத்தில் அந்தத் தீவு காலி மனை மாதிரித் தெரிவதுதான் எனக்கு எரிச்சல். கழிவெளியில் இடுப்பளவுத் தண்ணீரில் இருளர் பழங்குடிப் பெண்கள் பறியின் (பிடித்ததைப் போடும் கூடை) கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். அவர்களுக்கு அந்தத் தண்ணீர்தான் வயல். எந்தப் பட்டாவிலும் அது ஏறாது.

கருத்துக்கேட்புக் கூட்டத்தை 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவித்துவிட்டுத் தள்ளிவைத்தார்கள். இனி எப்போது கூட்டினாலும், எத்தனை பேருக்கு வேலை என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். போகிறவர்கள் மணலைப் பற்றிக் கேளுங்கள். துறைமுகச் சுவர் நீண்டால், வடக்கே கூனங்குப்பத்துக்கும் லைட் ஹவுஸ் குப்பத்துக்கும் போக வேண்டிய மணலை வருஷா வருஷம் யார் அள்ளிக்கொண்டுபோய்ப் போடுவார்கள், யார் செலவில், எத்தனை வருஷத்துக்கு?