நாடகக்காரர் சங்கத்துக்கு வந்த விருந்தாளி இல்லை

நடிகர் சங்கத்தில் நாடகக்காரர்களுக்கு ஓட்டு இருப்பதைக் கிண்டலடித்த அந்தப் பேச்சைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லாரும் பார்த்தாச்சு, பாதிப் பேர் சிரித்தும் ஆச்சு. சினிமாக்காரன் சம்பாதித்துப் போடுகிறானாம், நாடகக்காரன் வந்து ஓட்டு மட்டும் குத்திவிட்டுப் போகிறானாம். அதற்குக் கைதட்டல் வேறு. தட்டியவர்களில் நான் மதிக்கிற ஆட்களும் இருந்தார்கள், அதுதான் தாங்கவில்லை.

ஐயா, நடிகர் சங்கத்தில் நாடகக்காரர் விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர். சங்கம் தொடங்கியது 1952இல். அன்றைக்கு 'சினிமா நடிகர்' என்று தனிச் சாதி ஏது? எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுவில் வளர்ந்தவர். என்.எஸ். கிருஷ்ணனும் எஸ்.எஸ். ராஜேந்திரனும் டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் கம்பெனி. சிவாஜி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் பெண் வேடம் கட்டியவர், அவர் முதல் படம் வந்ததே அந்த 1952இல்தான். சோறும் அடியும் ஒரே இடத்தில் வாங்கி வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். நடிகனுக்கு ஒரு சங்கம் ஏன் வேண்டும் என்று இவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவைப்படவில்லை.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்து நாடக சபா தொடங்கியவர், டி.கே.எஸ். சகோதரர்களுக்கு ஆசிரியர், 1922இல் இறந்துபோய்விட்டார். 2019 சங்கத் தேர்தலில் ஓர் அணிக்குப் பெயரே சுவாமி சங்கரதாஸ் அணி! 2015 சங்கத் தேர்தலிலும் மதுரை, புதுக்கோட்டை என்று ஊர் ஊராக வந்து ஓட்டுக் கேட்டுக் கும்பிட்டார்கள். அப்போது நாங்கள் 'நாடகக் கலைஞர்கள்', இப்போது ஓட்டுக் குத்துகிறவர்கள். சரி.

என் பெரியப்பா புதுக்கோட்டைப் பக்கம் நாடகத்தில் பபூன், அதாவது கோமாளி வேடம். பங்குனி பிறந்தால் வீடு தங்க மாட்டார். ராத்திரி பத்து மணிக்கு மேடை ஏறினால் வள்ளி திருமணம் முடிய விடிந்துவிடும், முருகனும் வள்ளியும் தர்க்கம் பண்ணி ஓய்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ச்சனத்தைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விடிந்ததும் முகத்து அரிதாரத்தை அரைகுறையாகத் துடைத்துவிட்டு அடுத்த ஊருக்கு பஸ். சங்க அடையாள அட்டையை ரேஷன் அட்டையோடு அதே பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார், எம்.ஜி.ஆர். இருந்த சங்கம்டா என்பார். அவர் 2019 ஜூனில் ஓட்டுப் போட்டார். தேர்தலை எதிர்த்த வழக்கு முடிந்து அந்த ஓட்டுகளை எண்ணியது 2022 மார்ச்சில். நடுவில் கொரோனா வந்து பங்குனி, சித்திரை நாடகத் தேதி அத்தனையும் ரத்தாகி, கையில் காசில்லாமல் அந்த வருடமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஓட்டு மட்டும் குத்திவிட்டுப் போன ஆள் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

உடனே வருவீர்கள், "சங்கத்தின் கடனை அடைத்தது யார்?" என்று. விஜயகாந்த்தான். கட்டடக் கடன் வட்டியோடு கழுத்தை நெரித்தபோது நட்சத்திரங்களை மலேசியா, சிங்கப்பூர் கூட்டிப்போய்க் கலைநிகழ்ச்சி நடத்தி அடைத்தார். யார் மறுத்தது? அவர் படத்துக்கு என் வீட்டில் மாலை உண்டு. ஆனால் ஒன்று, அடைத்த மனுஷன் ஒருநாளும் இப்படிச் சொல்லிக் காட்டவில்லை. கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்களுக்குத்தான் இத்தனை பேச்சு.

அப்புறம் "நாடகக்காரங்க காசு வாங்கிட்டுத்தான் ஓட்டுப் போடுறாங்க" என்கிற மகாப் பெரிய கண்டுபிடிப்பு. இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. காசு கொடுத்தவர் யார் என்று முதலில் இதைச் சொல்கிறவர் வாயால் சொல்லட்டும்.

உண்மையில் எனக்கு அந்தப் பேச்சாளர் மேல் கூட அவ்வளவு கோபம் இல்லை. கைதட்டியவர்கள் மேல்தான். உங்கள் ஊர்த் திருவிழாவில் நாடகத்தை நிறுத்திவிட்டு ஆடல் பாடல் கொண்டுவந்தது நீங்கள்தானே? "கிழடுங்க மட்டும்தான் பாக்குது" என்று கமிட்டியில் சொன்னது உங்கள் அண்ணன்தானே? தேதி கொடுக்க மாட்டீர்கள், கொடுத்தாலும் பேசிய தொகையில் பாதியைக் குறைக்க ஏஜென்ட்டிடமே பேரம் பேசுவீர்கள், பேருக்கு ஒரு சங்கம் இருக்கிறதே என்று அதில் ஓட்டுப் போடப் போனால் சிரிப்பீர்கள்.

கமெண்டில் உங்கள் பெரியப்பா சந்தா எவ்வளவு கட்டினார் என்று கேட்க வருகிறவர்கள் வரலாம். ரசீதெல்லாம் அந்த பிளாஸ்டிக் கவரில்தான் இருக்கிறது, பெரியம்மாவிடம் வாங்கிப் போட்டோ எடுத்துப் போடுகிறேன்.