மாட்டுத் தீவனம் இல்லை, சித்தப்பா

ஞாயிற்றுக்கிழமை தக்கலை வீட்டு விசேஷத்தில் நடந்தது உங்களில் பலருக்கும் தெரியும். குடும்ப குரூப்பில் வீடியோவே வந்துவிட்டது. நான் செய்துகொண்டு போன கோழி சாலட்டை சித்தப்பா கரண்டியால் தூக்கிக் காட்டி, "மாட்டுக்குப் போடுற கோசு இலை, இதுல கோழி வேற" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல நின்றேன். இரண்டு நாளாகியும் மனசு ஆறவில்லை.

அது சமையல். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அடுப்பில் குழம்பாகக் கொதித்தால்தான் சமையல் என்று இல்லை.

அரைக் கிலோ எலும்பில்லாத கோழியை, தட்டிய இஞ்சியும் உப்பும் போட்ட தண்ணீரில் கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பதினைந்து நிமிடம் வேக வைக்கணும். அந்தத் தண்ணீரிலேயே ஆற விடணும், உடனே வெளியே எடுத்தால் கறி வறண்டுபோகும். அப்புறம் கையாலேயே நார் நாராகப் பிய்க்கணும். முட்டைக்கோஸை நூல் போல அரிந்து, உப்புப் பிசறி, பத்து நிமிடம் கழித்துப் பிழியணும். பிழியாவிட்டால் ஊற்றுகிற சாறெல்லாம் நீர்த்துவிடும். சோயா சாஸ், எலுமிச்சை, மார்த்தாண்டம் தேன், பூண்டு, எங்கள் வீட்டுப் பின்பக்கம் காய்க்கிற காந்தாரி மிளகாய். கிழக்கு ஆசியக்காரர்கள் ஊற்றுகிற எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது. நம் நல்லெண்ணெயில் அந்த வாசம் வராது. அதனால் எள்ளைப் பொரியும்வரை வறுத்து அம்மியில் ஒன்றிரண்டாகப் பொடித்துச் சேர்ப்பேன். மல்லித்தழையும் வறுத்த கடலையும் பரிமாறும்போதுதான். காலை ஆறு மணிக்குத் தொடங்கிய வேலை இது.

"என்ன இருந்தாலும் நம்ம ஊர் சாப்பாடு இல்லையே" என்று மயினி (அண்ணி முறை) ஒருவர் குரூப்பில் எழுதியிருக்கிறார். மயினி, நீங்களும் நானும் பிள்ளையிலிருந்து தின்று வளர்ந்த மரச்சீனி, அதுதான் மரவள்ளிக்கிழங்கு, எந்த ஊர்? தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்துப் பரப்பிய பயிர். இன்று கிழங்கும் மீன்கறியும் இல்லாத குமரி மாவட்டம் உண்டா? மிளகாயும் கடல் தாண்டி வந்ததுதான். குழியில் வேக வைக்கிற கறிச்சோறான குழிமந்தி ஏமன் நாட்டுச் சாப்பாடு. தம்பிமார் வளைகுடாவிலிருந்து லீவில் வந்து மந்தி வாங்கிக் கொடுத்தால் சித்தப்பா இரண்டு தட்டு சாப்பிடுகிறார். அதை யாரும் வெளியூர்ச் சாப்பாடு என்று சொன்னதில்லை. நான் செய்தால் மட்டும் பந்தா.

பச்சைக் காய் வயிற்றுக்கு ஆகாது என்கிறவர்களுக்கு: நன்றாகக் கழுவித்தான் போட்டேன். வெள்ளரிக்காய்ப் பச்சடியை வேக வைத்தா சாப்பிடுகிறோம்?

இதை நான் யூடியூப் பார்த்துப் படிக்கவில்லை. சிங்கப்பூரில் நர்ஸாக நான்கு வருடம் இருந்தேன். என் அறையில் ஒரு வியட்நாம் பிள்ளை. நான் நைட் டூட்டி முடிந்து வரும்போது ஒரு கிண்ணத்தில் இதை மூடி வைத்திருப்பாள். அவள் மீன் சாஸ் ஊற்றுவாள். முதல் நாள் அந்த வாசம் எனக்குக் குளச்சல் கடற்கரையை ஞாபகப்படுத்தியது. பிறகுதான் தெரிந்தது, அதுவும் நெத்தோலி (நெத்திலி) மீன்தான். நாம் உப்பிட்டு வெயிலில் காய வைத்தால் கருவாடு, அவர்கள் உப்பிட்டு மாதக்கணக்கில் ஊற வைத்து சாறு எடுக்கிறார்கள். ஊரையும் அம்மாவையும் நினைத்து அழுதுகொண்டே அந்தக் கிண்ணத்தைக் காலி செய்த நாட்கள் உண்டு. சித்தப்பா கரண்டியில் தூக்கிக் காட்டியது அதைத்தான்.

"பெரியவர் விளையாட்டாகச் சொன்னார், இதற்கா இவ்வளவு நீளப் பதிவு?" என்று கேட்பீர்கள். சரி, விளையாட்டுதான். ஆனால் அவர் ஒரு வாய்கூட எடுத்துப் பார்க்கவில்லை. பிடிக்காமல் துப்பியிருந்தால்கூட எனக்கு வருத்தம் இருந்திருக்காது. பதினேழு வருடமாக இந்தக் குடும்பத்து விசேஷங்களுக்கு அவியலும் தீயலும் துவரனும் கோழிக்கறியும் வைத்துக் கொடுத்த கை இது. அப்போதெல்லாம் யாரும் வீடியோ எடுக்கவில்லை. நன்றாயிருக்கு என்றுகூடச் சொன்னதில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. எனக்குப் பிடித்த ஒன்றை ஒரே ஒரு தடவை கொண்டுவந்து வைத்தேன்.

திரும்பி வரும்போது பாத்திரம் முக்கால்வாசி அப்படியே இருந்தது. பேருந்தில் என் மகள் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் இதைப் போட்டி போட்டுத் தின்கிறவள் அவள். அழகியமண்டபம் தாண்டும்போது மெதுவாகச் சொன்னாள், "அம்மா, இனி இதை யாரு வீட்டுக்கும் கொண்டு போகாண்டாம்."