வாடகை விமானத்தின் செக் அவுட் வேறு, ஃபிளைட் ரிவ்யூ வேறு

விமானத்தை வாடகைக்குக் கொடுப்பவரின் பயிற்றுநரோடு ஒரு முறை பறந்து காட்டினாலே (இதைத்தான் செக் அவுட் என்பார்கள்) அமெரிக்கச் சட்டம் கேட்கும் சோதனை முடிந்துவிடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இங்கே ஜக்கூர் விமானத் தளத்தில் பறந்து பழகி, அமெரிக்கா போய் செஸ்னா என்ற சிறு விமானத்தை வாடகைக்கு எடுக்க நினைக்கும் நம் பெங்களூர் நண்பர்கள் இதை நம்பிவிடக் கூடாது.

அந்தச் செக் அவுட்டை அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் விதி கேட்பதில்லை. அது விமான உரிமையாளரும் இன்சூரன்ஸ் கம்பெனியும் வைக்கும் நிபந்தனை. விதி கேட்பது ஃபிளைட் ரிவ்யூ, அதாவது விமானியின் அறிவையும் திறனையும் பயிற்றுநர் திரும்பப் பார்ப்பது: பொதுவாக 24 மாதத்துக்கு ஒரு முறை, குறைந்தது 1 மணி நேரம் தரைப்பாடம், 1 மணி நேரம் பறத்தல். செக் அவுட்டையும் ரிவ்யூவையும் ஒரே நாளில் சேர்த்தே முடிக்கலாம், தப்பில்லை. ஆனால் ரிவ்யூ திருப்தியாக முடிந்தது என்று பயிற்றுநர் உங்கள் லாக்புக்கில் (பறந்த விவரங்களைக் குறித்து வைக்கும் பதிவேட்டில்) எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ‘செஸ்னா 172 செக் அவுட்’ என்று மட்டும் இருந்தால் கணக்கில் வராது. அதனால் ரிவ்யூவும் வேண்டும் என்று பறக்கக் கிளம்பும் முன்பே பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் அமெரிக்க அரசின் விதிகளைத் தொகுத்து வைத்திருக்கும் இ-சிஎஃப்ஆர் இணையதளத்தில் தலைப்பு 14, பிரிவு 61.56-ஐத் திறந்து பாருங்கள், யாரும் இலவசமாகப் படிக்கலாம். அப்புறம் உங்கள் லாக்புக்கில் பயிற்றுநர் எழுதிய வரியை அதோடு ஒப்பிடுங்கள்.