முளையில் தெரிவது முளைதான்

சென்ற வாரம் பள்ளிகளுக்கு இடையேயான தடகளப் போட்டி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். பெண்கள் 3000 மீட்டர், ஏழரைச் சுற்று. சென்ற ஆண்டு இதே ஓட்டத்தில், அடுத்து வந்தவளை அரைச் சுற்று பின்னால் விட்டுவிட்டு முதலாவதாக வந்த பெண், இந்த முறை நான்காவது சுற்றிலேயே தோள் இரண்டையும் காதுவரை தூக்கிக்கொண்டு ஓடினாள். தோள் ஏறிவிட்டால் கால் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஏழாவதாக வந்தாள். கோட்டைத் தாண்டியதும் தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வெளியே டீக்கடையில் தீர்ப்பு தயாராக இருந்தது. "புஸ்வாணம்" என்றார் ஒருவர். சென்ற ஆண்டு இதே பெண்ணை "அடுத்த உஷா" என்றவரும் அவரேதான். (பி.டி. உஷாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது 400 மீட்டர் தடை ஓட்டம். ஆனால் நம் ஊரில் எந்தப் பெண் எவ்வளவு தூரம் ஓடினாலும் அவள் உஷாதான்.) இன்னொருவர் கைபேசியைக் குற்றம் சொன்னார். மூன்றாமவர், "பெரியவளாகிவிட்டால் பெண் பிள்ளைகளுக்கு ஓட்டம் போய்விடும்" என்று சொல்லிவிட்டு வடையை எடுத்தார்.

நான் பயிற்சியாளர் இல்லை. வங்கியில் வேலை பார்க்கிறவன். ஒரு காலத்தில் ஓடியவன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வேலூர் கோட்டைச் சுற்றுச் சாலையில் நாலைந்து பிள்ளைகளோடு இன்னும் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பவன். அந்தப் பெண்ணும் அவர்களில் ஒருத்தி. ஆகவே இந்தப் பதிவில் கொஞ்சம் கோபம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். என் அப்பா மானாவாரியில் வேர்க்கடலை போட்டவர். அவர் அந்தப் பழமொழியை ஒருநாளும் நம்பியதில்லை. மழை மிஞ்சிய ஆண்டில் செடி கொழுத்துப் படர்ந்து பார்க்கிறவர் கண்ணை நிறைக்கும். பிடுங்கிப் பார்த்தால் அடியில் நாலு காய், அதிலும் இரண்டு பொக்கு. "முளையில் தெரிவது முளைதான்" என்பார். ஓட்டக்காரப் பிள்ளைகளைப் பற்றி நான் படித்ததிலும் பார்த்ததிலும் இதைவிடச் சரியான பேச்சு எதையும் கேட்டதில்லை.

பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் 600 மீட்டர் ஓட்டத்தின் தொடக்கக் கோட்டில் நிற்கும் பையன்களைப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பி, தொடை திரண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவன் அவன் தோளுக்குக் கீழே இருப்பான். இருவருக்கும் ஒரே வயதுதான். (சான்றிதழில் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். என் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதியைப் போட்டவர் தலைமையாசிரியர்தான். ஜூன் மாதத்தில் இத்தனை பிள்ளைகள் பிறக்க நாட்டில் வேறு காரணம் இல்லை.) பெரியவன் ஜெயிக்கிறான், நாம் அதைத் திறமை என்கிறோம். மூன்று ஆண்டு கழித்துச் சிறியவனும் வளர்ந்து எட்டிப் பிடிக்கும்போது, பெரியவன் சறுக்கிவிட்டான் என்கிறோம். அவன் எங்கும் சறுக்கவில்லை. முன்னால் வந்த வளர்ச்சியை முன்னால் செலவழித்தான், அவ்வளவுதான். சிறியவனோ பெரும்பாலும் அதற்குள் கபடிக்கோ டியூஷனுக்கோ போயிருப்பான்.

இதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது அந்தப் பதினைந்து புள்ளி. பள்ளி விளையாட்டோடு பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும்: முதலிடத்துக்கு ஐந்து, இரண்டாமிடத்துக்கு மூன்று, மூன்றாமிடத்துக்கு ஒன்று. மூன்று தனிப் போட்டிகளிலும் முதலிடம் பிடித்தால் பதினைந்து, தனிநபர் சாம்பியன் கோப்பை. ஆக, நன்றாக ஓடுகிற ஒரு பிள்ளை கிடைத்துவிட்டால் 800, 1500, 3000 மூன்றிலும் பெயர் கொடுத்துவிடுவார்கள். போதாதென்று கடைசியில் தொடர் ஓட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று அவள் கையிலேயே குச்சியையும் கொடுப்பார்கள். இரண்டு நாளில் இத்தனையும். முதலில் குறுவட்டம், பிறகு மாவட்டம், பிறகு மாநிலம். நடுவில் முதலமைச்சர் கோப்பை, ஏதாவது ஒரு சங்கத்தின் சாலை ஓட்டம். புள்ளி பள்ளிக்குப் போகிறது, கோப்பை தலைமையாசிரியர் அறைக்குப் போகிறது, கெண்டைக்கால் வலி மட்டும் பிள்ளையோடு வீட்டுக்குப் போகிறது.

எனக்கு இது கேள்விப்பட்ட கதை அல்ல. என் பெட்டியில் 1994ஆம் ஆண்டுச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பெயரில் இன்று மாவட்டமே கிடையாது. அந்த ஆண்டு எனக்கும் பதினைந்து புள்ளி. அடுத்த ஆண்டு கணைக்கால் எலும்பில், அதாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில், ஒரே இடத்தில் வலி. விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார் எங்கள் மாஸ்டர். கெட்டவர் இல்லை, தன் சம்பளத்தில் எனக்குக் கான்வாஸ் ஷூ வாங்கித் தந்தவர். அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். எண்ணெய் போட்டு நீவினார்கள், பாலாற்று மணலில் ஓடினால் கால் உரமேறும் என்றார்கள். (அப்போது மணல் இருந்தது.) மூன்று மாதம் நொண்டிய பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பில் கீறல். அதன் பிறகும் ஓடினேன், பழைய ஓட்டம் வரவில்லை. என்னைப் பற்றியும் ஏதோ ஒரு டீக்கடையில் புஸ்வாணம் என்று சொல்லியிருப்பார்கள்.

உடம்பின் கணக்கு பிறகுதான் புரிந்தது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நேரம் வேண்டும். மாட்டைவிட வண்டி பலவீனம். மாடு இழுக்கிறதே என்று பாரத்தை ஏற்றினால் அச்சு முறியும். பதினைந்து வயதில் எலும்பு நீளமாகிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து நாம் தினமும் விசிலும் கையுமாக நின்று, 400 மீட்டரைப் பத்துத் தடவை முழு வேகத்தில் ஓடவிட்டு நேரம் எடுக்கிறோம். நெடுந்தூர ஓட்டத்தின் அடித்தளம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டத்தில் இருக்கிறது. உலகத்தின் சிறந்த ஓட்டக்காரர்கள் தங்கள் தூரத்தில் பெரும்பகுதியை அப்படித்தான் ஓடுகிறார்கள். இங்கே ஒரு பையன் பேசிக்கொண்டே ஓடினால், "கதையா பேசுகிறாய்?" என்று அதட்டல் விழும்.

பெண் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். டீக்கடையில் வடையை எடுத்தவர் சொன்னதில் பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆபத்து. பருவமெய்திய பிறகு ஓரிரண்டு ஆண்டு பெண்களின் ஓட்டநேரம் அப்படியே நின்றுவிடுவதும், சற்று மோசமாவதும் இயல்பு. இடுப்பு அகலும், எடை கூடும், ஓடும் முறையே மாறும். பழகிய வீட்டில் இரவோடு இரவாக யாரோ கட்டில் பீரோவை இடம் மாற்றி வைத்தது போல இருக்கும். பொறுத்திருந்தால் அந்த உடம்பு முன்னைவிட வலுவாக ஓடும். ஆனால் அந்த இரண்டு ஆண்டில்தான் நாம் அவளைக் கைவிடுகிறோம், அல்லது பட்டினி போடுகிறோம். "எடை போட்டுவிட்டாய், சோற்றைக் குறை" என்று ஒரு வார்த்தை போதும். அவள் காலையில் டீயோடு கிளம்புவாள். இரவில் அரை வயிறு.

ஓட்டத்துக்குச் செலவாகும் அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். முதலில் மாதவிலக்கு நிற்கும். எலும்பு மெலியும், கீறல் விழும். ஒன்றிரண்டு மாதம் வரவில்லை என்றால் பிள்ளைகள் போட்டிக்கு வசதி என்று மகிழ்ந்துபோகிறார்கள், யாரிடமும் சொல்வதில்லை. ஆண் மாஸ்டரிடம் எப்படிச் சொல்வாள்? ஒலிம்பிக் குழு இந்த ஆற்றல் பற்றாக்குறைக்குத் தனிப்பெயர் கொடுத்து எச்சரித்தது 2014இல். அமெரிக்காவின் மேரி கெய்ன் பதினேழு வயதில், 2013இல், உலகப் போட்டியின் 1500 மீட்டர் இறுதிச்சுற்றில் ஓடியவர். பிறகு தேய்ந்துபோனார். எடையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருந்ததையும், மாதவிலக்கு நின்றுபோனதையும், எலும்புகள் முறிந்ததையும் 2019இல் அவரே வெளியே சொன்னார். அத்தனை வசதி உள்ள நாட்டிலேயே அந்தக் கதி.

இதோடு நம் ஊர்ச் சீதனமான இரத்தசோகை வேறு. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது இருக்கிறது. சாதாரணமாக நடமாடுகிறவருக்கு அது பெரும்பாலும் அசதியாகத்தான் தெரியும். இரத்தம் சுமந்து வரும் ஆக்ஸிஜனை நம்பி ஓடுகிற பிள்ளைக்கு அதுவே எல்லாம்.

பையன்கள் கதை வேறு. வேலூரைச் சுற்றி ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டை பற்றிச் சொல்லவே வேண்டாம். விடியற்காலை நாலரைக்குச் சாலையோரம் ஓடுகிற பையன்களில் பெரும்பாலோர் ஆள்சேர்ப்புக்காக ஓடுகிறவர்கள். ராணுவத்துக்கு 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண் என்பது நெடுநாள் கணக்கு. காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர், ஏழு நிமிடம். நல்ல நெடுந்தூர ஓட்டக்காரப் பையனுக்கு இவை விளையாட்டு. ஆனால் அந்த விளையாட்டுத்தான் வீட்டுக் கடனை அடைக்கிறது, தங்கை கல்யாணத்தை முடிக்கிறது. இலக்கு அங்கே இருக்கும்போது அதற்கு மேல் ஓடச் சொல்ல நான் யார்? மாநிலப் பதக்கம் வாங்கக்கூடியவன் என்று நான் கணக்குப் போட்டிருந்த ஒரு பையன் இன்று சீருடையில் இருக்கிறான். "எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை" என்று அவனைப் பற்றி யாராவது சொன்னால், யார் எதிர்பார்த்த அளவுக்கு என்று திருப்பிக் கேட்பேன்.

ராணுவம் ஓட்டத்துக்கு எதிரியும் அல்ல. மில்கா சிங் ஓடக் கற்றுக்கொண்டதே அங்கேதான். சிவ்நாத் சிங்கும் ராணுவத்தில் இருந்தவர். 1978இல் ஜலந்தரில் அவர் 2 மணி 12 நிமிடத்தில் ஓடிய மாரத்தானை நாற்பது ஆண்டுக்கு மேலாக எந்த இந்தியரும் முந்தவில்லை. வேலை கிடைத்த பிறகும் ஓடத் தோன்றுகிற அளவுக்கு ஒரு பையனிடம் ஆசை மிச்சமிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பதினெட்டு வயதுக்குள் அவனைச் சக்கையாகப் பிழிந்துவிட்டால் மிச்சமிருக்காது.

நமக்குப் பொறுமை இல்லை. 2006இல் ஒடிசாவில் புதியா சிங் என்ற நான்கு வயதுக் குழந்தை பூரிக்கும் புவனேசுவரத்துக்கும் இடையே 65 கிலோமீட்டர் ஓடியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டியது. நானும் தட்டினேன், வெட்கமாக இருக்கிறது. அதன்பின் பெரிய பதக்கப் பட்டியல் எதிலும் அந்தப் பெயரை நாம் பார்க்கவில்லை.

கென்யாவின் எலியுட் கிப்சோகே 2003இல், பதினெட்டு வயதில், பாரிஸ் உலகப் போட்டியின் 5000 மீட்டரில் அன்றைய பெரும் ஓட்டக்காரர்களான எல் கெரூஜையும் பெக்கெலேயையும் முந்தித் தங்கம் வாங்கினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கிற்கான கென்ய அணியில் அவருக்கு இடமில்லை. வயது 27. நம் டீக்கடையில் அன்றே காரியம் முடித்துப் பிண்டம் வைத்திருப்பார்கள். அவர் அடுத்த ஆண்டு மாரத்தானுக்கு மாறினார், ரியோவிலும் டோக்கியோவிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். அவ்வளவு தூரம் போவானேன்? புதுக்கோட்டை கோவிந்தன் லட்சுமணன் 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளத்தில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்றபோது அவருக்கும் 27தான். நம் பிள்ளைக்குப் பதினாறு. இன்னும் பதினோரு ஆண்டு இருக்கிறது. நாம் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வோடு கடையைக் கட்டிவிடுகிறோம்.

எல்லாப் பிள்ளைகளும் காத்திருந்தால் கிப்சோகே ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவரவில்லை. சிலருக்கு அவ்வளவுதான் உடம்பு. சிலருக்கு ஒருநாள் பிடிக்காமல் போய்விடும், அதற்கு அவர்கள் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

போட்டி முடிந்த மறுநாள் அந்தப் பெண்ணின் அப்பா என் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நின்றபடியே, "இனிமேல் ஓடுவாளா சார், விட்டுவிடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்றேன். செய்தார்கள். ஹீமோகுளோபின் 8.9. இத்தனை குறைவை வைத்துக்கொண்டு அவள் ஏழாவதாக வந்ததே பெரிது. பள்ளியில் வாரம் ஒருமுறை தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "வயிற்றைப் புரட்டுகிறது சார். எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவோம்."

மருத்துவர் மூன்று மாதத்துக்கு மருந்து எழுதியிருக்கிறார். மாத்திரையை டீயோடு போடக் கூடாது, சாப்பாட்டோடும் டீ குடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அடுத்த மாதப் போட்டிக்கு அவள் பெயர் கொடுக்கப்போவதில்லை என்று வீட்டில் முடிவாகிவிட்டது. நேற்று இரவு அவளுடைய பள்ளியிலிருந்து எனக்குப் போன் வந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள், சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை.

"அப்போது பதினைந்து புள்ளி போய்விடுமே சார்" என்றார்.