அத்திப்பழத்தைத் தொடாதே

நேற்று ஓர் இணையக் குழுவில் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 'ஐ, கிளாடியஸ்' என்ற பழைய ஆங்கில டிவி தொடரில் ஒரு துண்டை வெட்டிப் போட்டு, "அட்டை செட்டு, ஸ்கூல் டிராமா" என்று கேலி. நான் பொறுமையாக ஒரு பதில் போட்டேன். "பத்து நிமிஷத்துல கதை சொல்ற வீடியோ இருக்கு அங்கிள், அது போதும்" என்றார் ஒருவர். ராத்திரி தூக்கம் வரவில்லை.

செட்டு அட்டைதான். யார் இல்லை என்றது? 1976இல் பிபிசி அதை ஸ்டுடியோவுக்குள்ளேயே எடுத்தது. ரோமப் பேரரசின் கதை, ஆனால் ஒரு போர்க்களம் கிடையாது. ஜெர்மானியக் காட்டில் மூன்று ரோமப் படையணிகள் அழிந்ததுகூடச் செய்தியாகத்தான் வருகிறது. அதைக் கேட்ட பேரரசர் அகஸ்டஸ் என்ன ஆகிறார் என்பதுதான் காட்சி. மொத்தப் பாரமும் முகத்தின் மேலும் வசனத்தின் மேலும்தான். தாங்குகிற நடிகர்கள் இருந்தார்கள்.

அகஸ்டஸ் சாகும் காட்சியைப் பாருங்கள். விஷத்துக்குப் பயந்து, தன் கையால் பறித்த அத்திப்பழத்தை மட்டும் சாப்பிட்டவர். அகஸ்டஸாக நடித்த பிரையன் பிளெஸ்ஸடின் முகம் மட்டும் திரையில். அசைவில்லை, ஒரு வார்த்தை இல்லை. மனைவி லிவியாவின் குரல் மட்டும் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டே இருக்கிறது. கண் திறந்தபடியே உயிர் போகிறது. எந்த நொடியில் போனது என்று உங்களால் சொல்ல முடியாது. அப்புறம் வெளியே போகும்போது மகனிடம் லிவியா சாதாரணமாகச் சொல்கிறாள், அத்திப்பழத்தைத் தொடாதே என்று. மரத்தில் இருந்த பழத்திலேயே விஷத்தைத் தடவியிருக்கிறாள்!

இதைப் பத்து நிமிஷ வீடியோவில் எப்படிச் சொல்வீர்கள்? "லிவியா விஷம் வைத்தாள்" என்று மூன்று வார்த்தையில். அவ்வளவுதானே?

நான் இதை டிவிடியில் பார்த்தபோது அம்மா பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் ஒரு வரி தெரியாது. லிவியாவாக நடித்த சியான் பிலிப்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இவதாண்டா வச்சிருக்கா" என்றார். பூண்டு கையிலேயே இருந்தது. அட்டை செட்டு அம்மா கண்ணில் படவே இல்லை.

"வெள்ளைக்காரன் நாடகத்துக்கு உனக்கென்ன வக்காலத்து" என்று கேட்பீர்கள். அம்மா கேட்கவில்லையே! "மேக்கப் செயற்கையாக இருக்கிறது" என்கிறீர்களா? சரி, கிழவர் கிளாடியஸின் முகத்தில் ஒட்டுவேலை தெரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திக்குவாய்க் கிளாடியஸாக நடித்த டெரக் ஜேக்கபி திக்கித் திக்கி ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நம் தொண்டை அடைக்கிறதே, அது? பிரம்மாண்டம்தான் வேண்டுமென்றால் 1937இல் இந்தத் தொடருக்கு மூலமான நாவலையே நடிகர் சார்லஸ் லாட்டனை வைத்துப் பெரிய செலவில் படமாக எடுக்க ஆரம்பித்தார்கள். பாதியில் நின்றுபோனது. அட்டை செட்டில் எடுத்ததுதான் இன்றைக்கும் நிற்கிறது.

மெதுவாகப் போகிறதாம். போகட்டுமே. ஒரு மனிதன் சாவதை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்து மிச்சப்படுத்துகிற நேரத்தில் என்ன செய்யப் போகிறீர்கள்? பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், சண்டையே இல்லை. பார்க்காமலே சிரித்தீர்களே, அதுதான் வலிக்கிறது. அம்மாவும் நானும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்தது அது. அம்மா இப்போது இல்லை.

சிரித்தவர்கள் யாராவது ஒருவர் அந்த ஒரு காட்சியை மட்டும், ஓட்டாமல், போனை நோண்டாமல் பார்த்துவிட்டு வாருங்கள். பேசலாம்.