பலகையில் 1938-உடன் நிறுத்திவிடுகிறார்கள்

ஜெர்மனியின் சிற்றூர்களில் யூத ஜெப ஆலயம் இருந்த இடத்தில் ஒரு பலகை இருக்கும். பெரும்பாலும், நாஜிகள் யூதர்களைத் தாக்கி ஆலயங்களைக் கொளுத்திய 1938 நவம்பரோடு அதில் கதை முடிந்துவிடும். ஊருக்கு வசதியான முடிவு. 1,400-க்கும் மேற்பட்ட ஜெப ஆலயங்களும் வழிபாட்டுக் கூடங்களும் அப்போது நாசமானது உண்மைதான். ஆனால் வீடுகளை ஒட்டி நின்ற பலவற்றைக் கொளுத்தவில்லை, பக்கத்து வீடும் பற்றிக்கொள்ளுமே! செல்லே என்ற ஊரின் ஆலயம் அப்படித்தான் தப்பியது. ஆக்ஸ்பூர்கில் வைத்த தீயையே அணைத்தார்கள், அருகில் பெட்ரோல் பங்க்.

அப்புறம் நடந்ததைத்தான் பலகை சொல்வதில்லை. அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கிக் கிடங்கு, மாட்டுக்கொட்டகை, பட்டறை, கார் ஷெட் ஆக்கினார்கள். போருக்குப் பின் ஜெர்மனியில் அமெரிக்கா ஆண்ட மண்டலத்தில் 1947-இல் வந்த 59-ஆம் எண் சட்டப்படி சொத்தைத் திரும்பக் கேட்க முடிந்தது. கிடைத்தும் தொழ ஆளில்லை. வாரிசற்ற யூதச் சொத்துகளைப் பெற்ற யூத வாரிசு அமைப்பே பலவற்றை விற்க வேண்டியதாயிற்று.

எஸ்ஸன் நகர ஜெப ஆலயத்தின் விஷயம் இன்னும் உறுத்தும். 1913-இல் திறந்த பிரமாண்டக் கற்கட்டடம், தீயில் உட்புறம் கருகியும் நின்றது. 1960 வாக்கில் நகராட்சி தோரா எனும் யூத மறைச்சுருளை வைக்கும் பேழை மாடத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு, தொழிற்சாலைப் பொருள்களின் கண்காட்சி வைத்தது. 1979-இல் அங்கே ஒரு தீவிபத்து. மறு ஆண்டுதான் நினைவிடமானது. பெர்லின் ஓரானியன்பூர்கர் தெரு ஜெப ஆலயத்தின் பிரதான கூடத்தை இடித்தது 1958-இல். இதற்கெல்லாம் நாஜிகள் மேல் பழிபோட முடியாது.

ஆகவே புதுப்பிக்கிறோம் என்று கார் ஷெட் கதவையும் மூடிப் புத்தம்புதுச் சுண்ணாம்பு அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபைட்ஸ்ஹோக்ஹைம் ஊரின் ஜெப ஆலயம் விதிவிலக்கு. தீயணைப்பு நிலையமாக்கியபோது உடைத்துத் தரைக்கடியில் புதைத்த கல் உறுப்புகள் தோண்டியதும் கிடைத்தன. அசல் இருந்ததால் பொருத்தினார்கள், நியாயம். அசல் இல்லாத இடத்தில் செய்வது சினிமா செட்.

இப்படிப்பட்ட கட்டடம் கைக்கு வந்தால் முதலில் கிழக்குச் சுவரில் அடைத்த தோரா மாடத்தையும், வாசலின் வலது நிலைக்காலில் மெசூசா எனும் மறைவாக்குச் சுருளைப் பதித்த சாய்வான பள்ளத்தையும், நிலவறையில் சடங்குக் குளியலுக்கான ஊற்றுநீர்த் தொட்டியையும் தேடுங்கள். மாட்டுக்கொட்டகையாக இருந்திருந்தால் சிறுநீரின் உப்பு சுவரேறியிருக்கும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிக் கல் பொரிந்து உதிரும்; சுண்ணாம்புக் காரைதான் சரி.

பெரிய இழப்பு கூரை மாற்றும்போது நேர்கிறது. இறைவன் பெயர் எழுதிய பழந்தாள்களை எறியக்கூடாதென்று பரணில் போட்டுவைப்பது வழக்கம். கெனிசா என்பார்கள். கூரைச்சரிவு சுவரைத் தொடும் மூலையில் தூசியும் எலிப்புழுக்கையும் மூடிக் கிடக்கும். தச்சர்கள் குப்பையோடு வாரிவிடுவார்கள். ஓடு இறக்குவதற்கு முன்பே நினைவுச்சின்னப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்லுங்கள், கிடந்த இடத்திலேயே படமெடுங்கள். ஒட்டிய தாளைப் பிரிக்காதீர்கள், ஈரத்தாளை பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், பூசணம் பிடித்துவிடும்.