சிகாகோ ஆறு பச்சையாவது அயர்லாந்து வழக்கமா?

அயர்லாந்துக்காரர்கள் மார்ச் 17இல் கொண்டாடும் செயின்ட் பேட்ரிக் நாளுக்கு ஆற்றைப் பச்சையாக்குவது அயர்லாந்தின் பல நூற்றாண்டு மரபு என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. தவறு. இது சிகாகோ பிளம்பர்கள் 1962இல் தொடங்கிய விளையாட்டு. ஆற்றில் கழிவுநீர் எங்கே கலக்கிறது என்று கண்டுபிடிக்கச் சாயம் ஊற்றுவார்கள். அது பட்டு ஒருவரின் வெள்ளை உடுப்பு பச்சையானதைப் பார்த்துத்தான் பிளம்பர் சங்க நிர்வாகி ஸ்டீபன் பெய்லிக்கு யோசனை வந்ததாம். முதல் வருடம் 100 பவுண்டு கொட்டிவிட்டார்கள். ஆறு ஒரு வாரம் பச்சையாகவே கிடந்தது! இப்போது போடுவது தாவரச் சாயம் என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், படகிலிருந்து சல்லடையில் தூவும் பொடி ஆரஞ்சு நிறம். தண்ணீர் பட்டதும்தான் பச்சை. கரையில் நிற்பவர்களில் அயர்லாந்து வம்சாவளி யார் என்று பிரிக்கவே முடியாது, எல்லோரும் பச்சையில்தான் வருகிறார்கள்.